ஆறாயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர்

போன வாரம் தங்கை மகன் ஒரு பழைய கார் வாங்கினான். என்னை ஏற்றிக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி வந்தான். கதவைத் திறந்ததுமே டேஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷ் வாசனை குப்பென்று வந்தது. அவன் செல்போனை நீட்டி, "பெரிம்மா, வண்டி எந்த வருசம், எத்தினி கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு போட்டா போதும், வெலைய அதுவே சொல்லிடும்" என்றான். யாரிடமும் பேச வேண்டாமா என்று கேட்டேன். "எதுக்குப் பேசணும்?" என்றான். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.

வாசனை பாவம், அது என்ன செய்யும். அதே வாசனைக்குள் உட்கார்ந்து மூன்று வருஷம் சம்பளம் வாங்கியவள் நான். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, ராஜவேலு மாமா கடலூரில் கார் கன்சல்டிங் வைத்திருந்தார். பழைய கார்களை வாங்கி, பாலிஷ் போட்டு, லாபம் வைத்து விற்கிற கடை. மாமா என்றால் சொந்தமில்லை, அப்பாவின் சிநேகிதர். பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்த எனக்கு ஆர்.டி.ஓ. படிவங்களை நிரப்புவது வேலை. அதைத் தப்பில்லாமல் செய்வேன். போன் அடித்தால்தான் வம்பு. எடுப்பதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் இருப்பவர் என் கையைப் பார்க்கப் போகிறார் என்பது மாதிரி. ஹலோ சொல்லவே இரண்டு தடவை எச்சில் விழுங்க வேண்டும்.

அந்தக் கூச்சத்தைத்தான் மாமா வேலைக்கு வைத்திருந்தார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. விலையைக் குறைக்க வேண்டிய ஆட்களிடமெல்லாம் என்னைப் பேசச் சொல்வார். "நான் சொன்னா புரோக்கர் பொய் சொல்றான்னுவாங்க. நீ மென்னு முழுங்கிப் பேசறே பாரு, அதுக்குத்தான் ரேட்டு" என்பார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து ஒரு மஞ்சள் வண்டி வந்த கதைக்கு வருகிறேன். ஸ்டெல்லா டீச்சர் ரிடையர் ஆனவர், தனியாக இருந்தார். மகன் அருள் சிங்கப்பூரில் வேலை. முதல் பெரிய சம்பளத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வீட்டில் நிறுத்திவிட்டுப் போனவன். இரண்டே சீட்டு, கேன்வாஸ் கூரை, தரையோடு தரையாக இருக்கும். லீவில் வந்தபோது ஓட்டியதுதான் ஓட்டம். பிறகு, "இனிமே அங்க வந்து இருக்கப் போறதில்லம்மா, வித்துடுங்க. மூணு லட்சத்துக்குக் கொறயக் கூடாது" என்று சொல்லிவிட்டான்.

நானும் மாமாவும் பார்க்கப் போனோம். மாமாவுக்குக் கனமான உடம்பு. காருக்குள் இறங்கிவிட்டார், ஏற முடியவில்லை. நான் ஒரு கையையும் டீச்சர் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம்.

"இது காரா, கெணறா டீச்சர்?" என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"என் பையன் சல்லுன்னு ஏறுவான் சார். அவனைத் தவிர யாரும் தொட்டதில்ல. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போய்வந்து பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெப்பேன், அவ்ளோதான்."

மீட்டரில் ஆறாயிரத்து நூற்று நாற்பது. மாமா அதன் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டி 'ச்சு' என்றார். எங்கள் ஊரில் அப்போது கம்மியாக ஓடிய வண்டி என்றாலே மீட்டரைப் பின்னால் சுற்றிக் குறைத்து வைத்தது என்றுதான் பேச்சு. அப்படி ஊரை நினைக்க வைத்ததில் மாமாவுக்கும் பங்கு உண்டு. அந்த 'ச்சு'வில் டீச்சர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன்.

டிக்கியைத் திறந்தபோது ஸ்டெப்னி டயரையும் பார்த்தேன். புது டயரில் மயிர் மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அது ஒன்றுகூட உதிரவில்லை. தரையையே தொடாத டயர். பிரேக் மிதியின் ரப்பரில் வரிகூடத் தேயவில்லை. மாமா சட்டென்று டிக்கியை மூடினார். திரும்பி வரும்போது, "சுத்த ஒரிஜினல்மா. இந்த மாதிரி வண்டி நம்ம கைக்கு இனிமே வராது. நாளைக்கு நீ போன் போடு" என்றார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம்தான். ஒருவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது, அதுதான் விஷயம். மறுநாள் கையைத் துடைத்துக்கொண்டு எண்களை அழுத்தினேன்.

"டீச்சர்... மெக்கானிக் பாத்தாரு... மீட்டரு சுத்தியிருக்கும் போலன்னு... அம்பதாயிரமாவது ஓடியிருக்கும்னு சொல்றாரு..."

எந்த மெக்கானிக்கும் பார்க்கவில்லை. "உங்க மொதலாளி சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேம்மா. நீ சொல்றே" என்றார் டீச்சர். ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு வண்டி எங்களிடம் வந்தது.

பத்து நாளில் புதுச்சேரி ஓட்டல்காரர் ஒருவருக்கு மூன்றே கால் லட்சத்துக்குப் போனது. அவரிடமும் நான்தான் பேசினேன். "மீட்டரு நெசந்தானாம்மா?" என்று கேட்டார். "நெசந்தான் சார், டீச்சர் வூட்டு வண்டி. ஸ்டெப்னிகூட கீழ எறங்கல" என்றேன். அன்றைக்கு ஒரு இடத்திலும் நாக்கு ஒட்டவில்லை. மாமா ஐந்நூறு ரூபாயும் அரைக் கிலோ ஜாங்கிரியும் கொடுத்தார். ஜாங்கிரியை நான்தான் ஜாஸ்தி தின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதோடு முடிந்திருந்தால் எத்தனையோ வண்டிகளில் ஒன்று என்று மறந்திருப்பேன். ஒரு மாதம் கழித்து டீச்சரே போன் செய்தார்.

"மன்னிப்பு கேக்கத்தாம்மா பேசறேன். யாரும் தொடலைன்னு உங்க மொதலாளிகிட்ட அடிச்சுச் சொன்னேனே. அருள் கூட்டாளிங்களுக்கு வண்டிய ஓட்டக் குடுத்துட்டு மீட்டரையும் சுத்த வெச்சிருக்கான். கேட்டா இல்லவே இல்லன்றான். பெத்தவகிட்டயே பொய் சொல்றியாடான்னு கேட்டுட்டேன். பதினஞ்சு நாளாச்சு, அவன் பேசல. நானும் பேசல."

நான், "பரவால்ல டீச்சர்" என்றேன். நான் போய் அவருக்குப் பரவாயில்லை என்றேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. படிவங்களில் வண்டி நம்பரைத் தப்பாக எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினேன். சொல்ல வேண்டியதை ஆலப்பாக்கம் வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், சரியாக வந்தது. புதுச்சத்திரத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தேன். கண்டக்டர், "சிதம்பரத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்மா, ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

டீச்சர் வீட்டுப் போர்ட்டிகோவில் வண்டி நின்ற இடத்தில் துணிக்கொடி கட்டியிருந்தது. காபி கொடுத்தார். டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

"அருளு பொய் சொல்லல டீச்சர். வண்டி ஒரிஜினல். மாமா சொல்லச் சொன்னாரு, நான் சொன்னேன். ஸ்டெப்னில முடிகூட அப்படியே இருந்துச்சு..."

"டயர்ல முடியா?" என்று டீச்சர் சிரித்துவிட்டார். எவ்வளவோ விளக்கினேன். எனக்கு வியர்த்துக் கொட்டியது, வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. டீச்சர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"அம்மாவும் புள்ளையும் சேரணும்னு பஸ் ஏறி வந்தியா? நல்ல பொண்ணும்மா நீ. ஆனா உனக்குப் பொய் சொல்ல வரல. மூஞ்சியிலயே தெரியுது."

காட்டுவதற்கு வண்டி அங்கே இல்லை. ஸ்டெப்னி புதுச்சேரியில் இருந்தது. கடலூர் திரும்பியதும், டீச்சரிடம் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி மாமாவைக் கேட்டேன். அவரிடம் நான் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். "வித்த வண்டியப் பத்திப் பேசக் கூடாதும்மா" என்றார். அடுத்த மாதம் வேலையை விட்டேன். காரணம் கேட்டபோது உடம்பு சரியில்லை என்றேன். அவர் நம்பினார்.

மாமா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மீட்டரைத் தட்டிப் பார்க்கிறவர்களும் இல்லை, என்னை மாதிரி போனில் விலை குறைக்கிறவர்களும் இல்லை. தங்கை மகன் காரிலிருந்து இறங்கிய மறுநாள், யாரிடமும் சொல்லாமல் சிதம்பரம் போனேன். டீச்சர் வீடு இல்லை. அந்த இடத்தில் நாலு மாடி நின்றது. எதிர்ப்பக்கம் இஸ்திரி போடுகிறவரைக் கேட்டேன். "புள்ள சிங்கப்பூர்லேருந்து வந்து கூட்டினு போனாரு" என்றார். நாலு கடை தள்ளி மளிகைக்காரர், "புள்ள எங்க வந்தாரு? அவுங்க தங்கச்சி வூட்டோட போயிட்டாங்க, திருச்சிக்கு" என்றார். தெருமுனையில் ஒரு மருந்துக்கடை திறந்திருந்தது, பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்காமலே தாண்டி நடந்து போய் பஸ் ஏறிவிட்டேன்.