டிக்கியில் ஒரு பை உப்பு

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எதிர்த்தரப்பு வக்கீல். எந்த வழக்கின் எதிர்த்தரப்பு என்று கேட்காதீர்கள். என் முதல் வழக்கில் எதிரில் நின்றவர் என்பதால் எனக்கு அவர் ஆயுளுக்கும் எதிர்த்தரப்புதான். இப்போது பிராக்டீஸை விட்டுவிட்டுச் சென்னையில் பேரனோடு செஸ் ஆடித் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

“ஏம்மா, மாசி முடியப் போகுது. உப்பு வரலையே?” என்றார்.

“பாத்துட்டுச் சொல்றேன் சார்” என்று வாயில் நுரையோடு சொல்லிப் போனை வைத்தேன். சுத்தப் பொய். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. உப்பு ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தேன். அடியில் ஒரு பிடி மரக்காணத்துக் கல்லுப்பு, ஈரம் கோத்துப்போய்க் கிடந்தது. உப்புக்கு வாசனை இல்லை என்பார்கள். உப்பளத்தில் நின்றவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மிதித்து மிதித்து இறுகிய களிமண், வெயில், காய்ந்த பாசி மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை அதற்கு உண்டு. எனக்கு அது புது பூட்ஸ் வாசனையோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. காரணம் இருக்கிறது.

நான் பெருமுக்கல் பக்கத்துப் பெண். நெல்லும் மணிலாக் கடலையும் விளைகிற வீடு. மரக்காணத்துக்கு பஸ் ஏறினால் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம். அப்படி இருந்தும் உப்பு எப்படி விளைகிறது என்று வக்கீலாகும் வரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் பஸ் ஜன்னல் வழியாக வெள்ளைக் குவியல்களைப் பார்த்து “சுண்ணாம்பு” என்று பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கம் சொன்ன ஆள் நான்.

சட்டம் படித்து முடித்ததும் சென்னையில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். ஏரி, ஆற்று மணல், ஆலைக் கழிவு என்று மண்ணும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட வழக்குகளாகவே எடுப்பார். கூடப் படித்தவர்கள் சொத்து வழக்கிலும் விவாகரத்திலும் கொடிகட்டிப் பறந்துகொண்டிருக்க, என்னை மட்டும் கிண்டல் செய்வார்கள். “மரத்துக்கு வக்காலத்து வாங்குறியாமே, அது கையெழுத்து போடுமா, கைநாட்டா?” நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அப்படிப்பட்ட நாளில்தான் தனகோட்டி அக்கா ஆபீஸ் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். கால் விரல்களில் வெடிப்பு, கையில் ஒரு ரேஷன் பை, அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்த நில வரைபடம். மரக்காணம் உப்பளத்தில் நாலு பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பவர். கழிமுகத்திலிருந்து அந்தப் பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்காலை, புதிதாக வந்த ஓர் இறால் பண்ணை கரை போட்டு அடைத்துவிட்டது. கசிந்து வருகிற தண்ணீர் ஒரு பாத்திக்குத்தான் பாய்ந்தது. மற்ற மூன்றும் காய்ந்து கிடந்தன.

“சித்திரைக்குள்ள தண்ணி வரலைன்னா நெலத்துக்காரரு வேற ஆளுக்கு உட்ருவாருங்க. இருவது வருசமா மிதிச்ச பாத்தி. எனக்கு வேற வேல தெரியாது வக்கீலம்மா” என்றார்.

சீனியர் என்னைப் பார்த்தார். “உங்க ஊர்ப் பக்கம்தானே? நீயே பாரு.” அப்படித்தான் என் முதல் வழக்கு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போனது.

இறால் பண்ணையின் வாதம் எளிமையானது. அங்கே வாய்க்கால் என்று ஒன்று இருந்ததே இல்லை, மழை பெய்தால் ஓடும் ஒரு பள்ளம் மட்டும்தான். நம் எதிர்த்தரப்பு வக்கீல் அப்போது ஆறடி உயரம், கணீர்க் குரல். முதல் நாளே என் பக்கம் திரும்பி, “அந்தத் தண்ணீர் எங்கேதான் போகிறது? மனுதாரர் சொல்லட்டும்” என்று ஒரே போடாகப் போட்டார். நான் எழுந்து, “மனுதாரரின் பாத்திக்குப் போகிறது” என்றேன். பதில் சரி. நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர ஒரு மூத்த வக்கீலை ஆணையராக நியமித்தார்கள். இரு தரப்பும் கூட இருக்க வேண்டும் என்று உத்தரவு.

அந்த நாளுக்காகத்தான் பூட்ஸ் வாங்கினேன். ஆணையருக்கு முன்னால் கெத்தாக இருக்க வேண்டாமா? வரப்பில் பத்தடி போவதற்குள் இடது கால் களிமண்ணில் இறங்கியது. காலை இழுத்தேன், கால் மட்டும் வந்தது. பூட்ஸை ஒரு அம்மாள் குனிந்து பிடுங்கிக் கொடுத்தார். மிச்சத் தூரத்தை வெறுங்காலோடு, கறுப்புக் கோட்டோடு நடந்தேன். அதைப் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீல் தன் செருப்பைக் காரிலேயே கழற்றிவிட்டு வந்தார். விவரமானவர்.

ஆணையர் நல்ல மனிதர், பேச்சு மட்டும் கிடையாது. டேப்பைப் பிடித்து அளந்தார், போட்டோ எடுத்தார், பண்ணைக் கரையில் நின்று வாய்க்கால் தடத்தை அக்காவின் பாத்தி வரை கண்ணாலேயே அளந்தார், எதையோ எழுதிக்கொண்டார். நமக்குச் சாதகமாகத்தான் எழுதுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு நிறைந்துபோனது.

இனிமேல்தான் விஷயமே. அன்று பார்த்து, தண்ணீர் கசிந்து வந்த அக்காவின் அந்த ஒரு பாத்தியில் அந்த வருஷத்து முதல் உப்பு வாருகிற நாள். மஞ்சள், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, நீளக் கழியில் பலகை கோத்த வாருகோலால் முதல் உப்பை இழுத்துக் குவிப்பார்கள். அந்த உப்பை விற்க மாட்டார்கள். அன்றைக்கு வரப்பில் கால் வைத்தவர் யாராக இருந்தாலும், ஜென்ம விரோதியாகவே இருந்தாலும், வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அனுப்பினால் அந்த வருஷம் பாத்தி விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அக்கா ஆளுக்கொரு பை கட்டி வைத்திருந்தார். ஆணையர் காரில் ஏறப்போகும் நேரம், தலையில் பையோடு ஓடி வந்தார்.

“வக்கீலம்மா, அந்த டிக்கிய கொஞ்சம் தொறந்து புடிங்க.”

திறந்து பிடித்தேன். சட்டம் படித்தவள், சாட்சியச் சட்டத்தில் நல்ல மார்க் வாங்கியவள், சிரித்த முகத்தோடு திறந்து பிடித்தேன்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. வாய்க்கால் இருக்கிறது, பாத்தி வரை போகிறது, பண்ணைக் கரை அதை அடைக்கிறது. ஆபீஸில் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தேன். கேசரி வாய்க்குள் இருக்கும்போதே ஆட்சேபணை மனு வந்து சேர்ந்தது. ஆணையர் மனுதாரரிடம் அன்பளிப்பு பெற்றார். எனவே அறிக்கையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். மூன்றாவது பத்தியில் என்னைப் பற்றியும் ஒரு வரி: மனுதாரரின் வழக்கறிஞரே டிக்கியைத் திறந்து பிடித்தார்.

சீனியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பிடிச்சியா?”

“பிடிச்சேன் சார்.”

“ஏம்மா?”

“கனமா இருந்தது சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. அறிக்கை போனால் மறுபடி ஆணையர், மறுபடி வாய்தா, அதற்குள் சித்திரை வந்துவிடும். அக்காவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். “உப்பு குடுத்தது தப்பாங்க?” என்று கேட்டார். அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

விசாரணை அன்று பழைய தீர்ப்புகளைக் கட்டாக எடுத்துப் போனேன். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கணீரென்று ஆங்கிலத்தில் முடித்தார். நீதிபதி என்னைப் பார்த்தார். எழுந்தேன். படித்தது அத்தனையும் மறந்துபோனது. தீர்ப்புக் கட்டைப் புரட்டினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஐயா, இவருக்கும்தாங்க குடுத்தேன்.”

ஊழியர் ஓடிப்போய் அவரை உட்காரச் சொன்னார். நீதிபதிக்குத் தமிழ் தெரியும், கையைக் காட்டி நிறுத்தினார். “யாருக்குக் கொடுத்தீங்க?”

“தோ, இந்த ஒசரமான ஐயாவுக்கு. மொத உப்பு வாரின அன்னிக்கு வந்தவங்களுக்கெல்லாம் குடுக்கணும்ங்க. பண்ணக்காரங்க மேனேஜருக்கும் குடுத்தேன்.”

நீதிபதி திரும்பினார். “வாங்கினீர்களா?”

அவர் நினைத்திருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். டிரைவர் வாங்கியிருப்பான், எனக்குத் தெரியாது என்று நழுவியிருக்கலாம். தொழிலில் அதையும் பார்த்திருக்கிறேன். இவர் காதுமடல் சிவந்தது.

“வாங்கினேன். வீட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டுவிட்டார்கள்.”

கூடமே சிரித்தது. நீதிபதி சிரிப்பை அடக்கப் பார்த்து, தண்ணீர் குடித்துத் தப்பித்தார். ஆட்சேபணை தள்ளுபடி. பங்குனி முடிவதற்குள் உத்தரவு வந்தது: அந்த வாய்க்காலை யாரும் எக்காலத்திலும் அடைக்கக் கூடாது. ‘எக்காலத்திலும்’ என்ற சொல்லை மனுவில் எழுதியவள் நான். அது அப்படியே உத்தரவிலும் வந்ததில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

அதிலிருந்து வருஷாவருஷம் மாசியில் மூன்று பை வரும். சீனியருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒன்று. ஆணையருக்கு வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிட்டேன். சீனியர் காலமான பிறகும் அவர் வீட்டம்மாவுக்கு வந்தது. அதன் பிறகு நான் எத்தனையோ பெரிய வழக்குகளில் நின்றுவிட்டேன். இப்போது மனு கம்ப்யூட்டரில் போகிறது, விசாரணை திரையில் நடக்கிறது, இடத்தைப் பார்க்க டிரோன் பறக்கிறது. டிரோனுக்கு யாரும் உப்பு கட்டிக் கொடுப்பதில்லை. என் கால் களிமண்ணில் மாட்டி வெகுநாளாகிறது.

போன ஐப்பசியில் நிலத்துக்காரரின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இனிக் குத்தகைக்கு விடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனை போடும் யோசனை. சட்டப்படி அவர்கள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை, மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். அக்கா இப்போது மகளோடு செங்கல்பட்டில் இருக்கிறார், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைக்கிறார். போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “வக்கீலய்யா எதிர்பார்ப்பாரே, கடையில வாங்கி அனுப்பிடலாமா?” வேண்டாம் அக்கா, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொன்னேனே தவிர, அவராகப் போன் செய்கிற வரை தள்ளிப்போட்டேன்.

காபி குடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேரனிடம் காயை நகர்த்தாதே என்று சொல்லிவிட்டுப் போனுக்கு வந்தார்.

“வாய்க்கால்?” என்றார்.

“திறந்துதான் சார் இருக்கு. போன வாரம் அந்தப் பக்கம் போனப்ப காரை நிறுத்திப் பாத்தேன். தண்ணி நல்லா ஓடுது. நம்ம உத்தரவை இன்னிக்கு வரைக்கும் யாரும் மீறல.”

“சரிம்மா. அந்தத் தண்ணி இப்ப எங்கதான் போகுது?”

அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இருந்தது.