இரண்டு அங்குலம்

1984 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலேகால் மணி. ஏற்காட்டில் மூடுபனி, இடையிடையே தூறல். அந்த நிமிடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒருவனுக்கு வேலை போயிற்று. பதினைந்து வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

சேலத்தில் தையற்கடை வைத்திருந்தவன் நான். ஏரிப் பக்கம் புதிதாகத் திறக்கவிருந்த ஓட்டலுக்குச் சீருடை வரைந்து தைக்கும் வேலை கிடைத்தது. பரிமாறுகிறவர்கள் பதினான்கு பேர். காப்பிப் பழ நிறத்தில் கோட்டு, நிமிர்ந்த காலர், ஆறு பித்தளைப் பொத்தான். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், பத்திரிகைப் படம் போல...

மே மாத வெயிலில் அளவெடுத்தேன். ஒன்பதாவதாக வந்தவன் செம்மநத்தத்துச் சடையன். கையைத் தூக்கியபடியே கேட்டான்.

“ஏனுங்க, உள்ளார சுவட்டர் போட எடம் உடுங்க. பனி எறங்குனா எனக்கு இளைப்பு வந்துருமுங்க.”

“உனக்கு வேண்டியது கோட்டா, கூடாரமா?”

மற்றவர்கள் சிரித்தார்கள்.

“கூடாரமே ஆனாலும் சரிங்க, குளுராம இருந்தாப் போதும்.”

அளவு நோட்டில் அவன் பெயருக்கு நேரே ‘இரண்டு அங்குலம் கூடுதல்’ என்று எழுதிக்கொண்டேன். துணி வெட்டும்போது அந்த வரியைப் பார்த்தேன். பதிமூன்று கோட்டு கச்சிதமாக இருக்க, ஒன்று மட்டும் தொளதொளவென்று நிற்குமே... ஒட்டவே வெட்டினேன். மறதி அல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

திறப்பு விழாவன்று பதிமூன்று பேர் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். சடையன் மட்டும் சுவட்டர் மேல் கோட்டை இழுத்து மாட்டியிருந்தான். காப்பித் தட்டை விருந்தாளிகளின் தலைக்கு மேலே தூக்கினான். அக்குளிலிருந்து இடுப்பு வரை தையல் பிரிந்தது. தட்டு சாய்ந்தது. ஓர் அம்மாளின் பட்டுப்புடவையெல்லாம் காப்பி.

ஓட்டல் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “அளவு தப்புங்களா?”

சடையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நோட்டு என் பையில்தான் இருந்தது.

“அளவு சரிதானுங்க. சுவட்டர் போடக்கூடாதுன்னு இவன்கிட்டச் சொல்லியிருந்தேன்,” என்றேன்.

அவனை அன்றே அனுப்பிவிட்டார்கள். கோட்டுக்கு நாற்பத்தெட்டு ரூபாயைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, கிழிந்ததை அவனிடமே கொடுத்தார்கள். ஏன் அவன் என்னை மறுத்துப் பேசவில்லை? எத்தனை முறை கேட்டுக்கொண்டேன் என்பது ஒன்றுதான் நான் எண்ணாதது.

மூன்று வருடம் கழித்து ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் அவனைப் பார்த்தேன். சாக்கு விரித்து ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்தான். அதே கோட்டு. உள்ளே சுவட்டர். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீலத்துணி கொடுத்துத் தைத்திருந்தான். என் கண் தானாக அளந்தது. பக்கத்துக்கு ஒரு அங்குலம்.

நான் பார்ப்பதை அவன் கவனித்துவிட்டான்.

“இப்ப நொம்ப சௌகரியமுங்க,” என்றான்.

அதில் குத்தல் இருந்ததா? இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்... சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

“டஜன் என்ன விலை?” என்று கேட்டேன்.

“ஆறு ரூபாயுங்க,” என்று பன்னிரண்டு எண்ணிப் போட்டான். “ஊட்டுக்குக் கொண்டு போங்க,” என்று மேலே ஒன்று வைத்தான்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழிக்கவும் தெம்பில்லை, காட்டவும் ஆளில்லை. அந்தப் பொய்யினால் எனக்கு ஆன செலவு, எல்லாம் சேர்த்து, ஆறு ரூபாய்.