கோலாண்டரில் வடித்த சோறு

காந்திமதியம்மாளுக்கு வலது மணிக்கட்டு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நரம்பு நசுங்கியிருக்கிறது, அந்தக் கையால் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது அவருக்குச் சுலபம். அவர் வீட்டுச் சோற்றை யார் வடிக்கிறார்களோ.

வாசுதேவநல்லூரில் வயலும் தோப்புமாக வளர்ந்தவள். சங்கரன்கோவிலுக்கு வாக்கப்பட்டு வந்த மறுநாளே மாமியார் அவள் கையில் வெண்கலப் பானையைக் கொடுத்துவிட்டாள். சோறு வெந்ததும் பானை வாயில் வடிதட்டை வைத்து, இரண்டு பக்கமும் துணி போட்டு அழுத்திப் பிடித்து, கஞ்சி முழுக்க இறங்கும்வரை சாய்த்தபடி நிற்க வேண்டும். தட்டு கொஞ்சம் வழுக்கினால் கொதிக்கிற கஞ்சி கையில்தான். அவளுடைய புறங்கை இரண்டிலும் தழும்பு உண்டு. ஆனாலும் காந்திமதி வடித்தால் பருக்கை பருக்கையாக நிற்கும் என்று சொந்தக்காரர்களிடம் பெயர் வாங்கினாள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் இப்போது அவளுக்குத் தெரியவில்லை.

குக்கரில் வைத்துத் தொலைக்கலாம். அதற்கும் வழியில்லை. அவள் புருஷன் சிவசுப்பிரமணியனுக்குச் சுகர் இருக்கிறது. குக்கர் சோறு சுகருக்கு ஆகாது, கஞ்சியை வடித்த சோறுதான் இறங்கும் என்பார். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பக்கத்து வீட்டு ஹெலன் நர்ஸாக இருக்கிறாள். ஒரு நாள் அவள் சோறு வடிப்பதைக் காந்திமதியம்மாள் பார்த்தாள். கால் வைத்த, உடம்பெல்லாம் கண் போட்ட ஒரு சில்வர் பாத்திரத்தைத் தொட்டியில் வைத்து, சோற்றைக் கரண்டி கரண்டியாகக் கோரி அதில் போட்டாள். கஞ்சி தானாக இறங்கியது. பானையைத் தூக்கவே இல்லை. காந்திமதியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் அப்படியொன்று வாங்கித் தரச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதன் பெயர் கோலாண்டர் என்றார். மாவு சலிப்பது வேறு, டீ வடிகட்டுவது வேறு, இது வேறு, மூன்றையும் சல்லடை என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது என்றார். காய் கழுவ, சோறு வடிக்க எப்படியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக் காட்டினார். எல்லாம் முடிந்த பிறகு, அது நம் வீட்டுக்கு ஆகாது என்றார். சோறு இருக்கிற பாத்திரத்தில் ஓட்டை இருக்கக் கூடாதாம். சுடுகாட்டில் கொள்ளிக்குடத்துக்குத்தான் ஓட்டை போடுவார்கள் என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறாளாம்.

அந்த வீட்டில் டீ வடிகட்டியில் ஓட்டை இருக்கிறது. இட்லித் தட்டில் இருக்கிறது. அதையெல்லாம் பார்த்து அந்த மகராசிக்குச் சுடுகாடு ஞாபகம் வரவில்லை. ஒரு பொம்பளை கை பிழைக்கிற பாத்திரத்தைப் பார்த்தால் மட்டும் வந்துவிடும் போலிருக்கிறது.

சிவசுப்பிரமணியன் சும்மா இருக்க முடியாமல் தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிப் போனில் வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் கழித்து, கோலாண்டர் பற்றிப் போடப்போகிறேன், ஹெலனிடம் வாங்கி வா என்றார். காந்திமதியம்மாள் வாங்கி வந்தாள். அவள் கோரிப் போடப் போட அவர் படம் பிடித்தார். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டிருந்தாள்.

"ஏட்டி, கைய உள்ள இழு. கட்டு தெரியுது பாரு" என்றார்.

இழுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் முதல்முறையாகக் கை வலிக்காமல் சோறு வடிந்தது. அதைச் சாப்பாட்டுக்கு எடுத்து வைக்கப் போனபோது அவர் தடுத்தார்.

"அத மாட்டுக்கு வச்சிரு. நமக்கு வேற உலை வையி."

வைத்தாள். இரண்டாவது சோற்றைப் பழைய மாதிரியே பானையைச் சாய்த்து வடித்தாள். கை தாங்காமல் தட்டு நழுவி, கட்டின் மேலேயே கஞ்சி கொட்டியது. சத்தம் கேட்டு ஹெலன்தான் ஓடிவந்து மருந்து போட்டாள். போகும்போது, கோலாண்டரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று காந்திமதியம்மாளிடம் சொன்னாள். சிவசுப்பிரமணியன் அதைக் கழுவச் சொல்லி, கையோடு ஹெலனிடமே கொடுத்தனுப்பிவிட்டார்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் ஸ்ருதி பேசினாள். வீடியோவைப் பார்த்துவிட்டாள். அதில் சிவசுப்பிரமணியன், 'மை வைஃப் டிரெயின்ஸ் ரைஸ் இன் எ கோலாண்டர் எவ்ரி டே' என்று சொல்லி, என் மனைவி தினமும் கோலாண்டரில்தான் சோறு வடிக்கிறாள் என்று தமிழிலும் விளக்கியிருந்தார். கீழே யாரோ, சார் வீட்டம்மா கொடுத்து வைத்தவர்கள் என்று எழுதியிருந்தார்களாம். ஸ்ருதி அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். இனிமேல் உன் கையைப் பற்றிக் கவலை இல்லை என்றாள். காந்திமதியம்மாள் ம் என்று மட்டும் சொன்னாள். மகள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

மறுநாள் சோறு வெந்ததும் அடுப்பை அணைத்தாள். புருஷனைக் கூப்பிட்டு, வடிதட்டையும் துணியையும் அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்குக் கை ஆகல. நீங்க வடிங்க."

அவர் பானையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தமாதிரியும் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கடைக்குத்தான் போகிறார், ஹெலன் வீட்டில் இருப்பதைப் போல ஒன்று வாங்கி வரப்போகிறார் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. இத்தனை நடந்த பிறகும் அது அப்படித்தான் நினைத்தது.

திரும்பி வந்தவர் கையில் ஹோட்டல் பை இருந்தது.

"ஹோட்டல்ல கண்ணு போட்ட கூடையிலதான் சோறு வடிக்காங்க, தெரியுமா?" என்று கேட்டாள்.

"அது கடைச் சோறு. அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு இலையை விரித்து உட்கார்ந்தார்.

சரி, தானும் சாப்பிடலாம் என்று இடது கையால் பையைத் துழாவினாள். காலியாக இருந்தது. அவர் வாங்கி வந்தது ஒரு சாப்பாடுதான்.

அடுப்பில் பானைச் சோறு கஞ்சியைக் குடித்துக் குழைந்து கிடந்தது. அதில் இரண்டு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டாள்.