ஏழு வீட்டு மோட்டார்

தமிழ்மதியிடம் ஒரு பொருளைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கு முன்னால் மனசைக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். அவள் வாயில் மழுப்பல் வராது. பெரியப்பா மகன் பாக்கியராஜ் ஒரு தடவை புதுக் கைக்கடிகாரத்தை நீட்டினான். தூக்கம், நடை, நாடித்துடிப்பு எல்லாம் காட்டுமாம். அவள் அதை வாங்கி, அடுப்படியில் கிடந்த சுரைக்காயில் கட்டினாள். சுரைக்காய்க்கு நிமிசத்துக்கு எழுபத்திரண்டு துடிப்பு என்று காட்டியது.

"காய் நல்ல ஆரோக்கியமா இருக்குண்ணே" என்றாள். பாக்கியராஜ் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, பேர் சொன்னால் திண்டுக்கல்காரர்களே "அது எங்கிட்டு இருக்கு?" என்று கேட்கிற ஊர் அது. அப்பா காமராஜ் முருங்கையும் சோளமும் போடுகிறவர். அம்மா அவள் காலேஜில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். திண்டுக்கல்லில் இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் ஆறு வருஷம் குப்பை கொட்டி, கொரோனாவில் ஊருக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். லாரிக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். வயது முப்பத்திரண்டு. பெண் பார்க்க வந்த ஒருவன் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்து, "லட்சத்துக்கு மேல" என்று பெருமையாகச் சொன்னான். "இதுல பாதி விலை பேருக்குத்தான் குடுத்திருக்கீங்க" என்றாள். அந்தச் சம்பந்தம் காபியோடு எழுந்து போய்விட்டது.

கம்பெனியிலும் இதே கதைதான். வேலைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் புதுக் கருவி ஒன்றை மேலதிகாரி கொண்டுவந்து, "மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்றார். இவளும் சொன்னாள்: "அரை நாள் வேலை செய்யிறோம் சார். செஞ்சதை இதுல ஏத்துறதுக்கு அரை நாள் போகுது." தானாகவே நிரல் எழுதித் தரும் ஏஐ வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, "கெட்டிக்காரப் புள்ளதான். ஆனா தெரியலைன்னு சொல்ல மட்டும் அதுக்குத் தெரியலை" என்று எழுதி அனுப்பினாள். ஊரில் யார் எதை வாங்குவதானாலும் அவளைக் கேட்காமல் வாங்குவதில்லை. திண்டுக்கல்லில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் சனாவுல்லா பாய் அவளைப் பார்த்தாலே கும்பிடுவார். "உன்னக் கூட்டிட்டு வாரவன் ஒருத்தனும் பெருசா எதையும் வாங்குறதில்லம்மா. என் யாவாரத்துல ஏம்மா மண்ணப் போடுற?" என்பார். அவர் கடையில் வாங்கியதுதான் கிணற்று மோட்டாருக்கான அந்தப் பெட்டி.

ஊருக்கு வெளியே ஒரு கூட்டுக் கிணறு இருக்கிறது. பங்காளிகள் ஏழு வீடு, வாரத்துக்கு ஏழு கிழமை, வீட்டுக்கு ஒரு நாள் முறை. திங்கள் காமராஜுக்கு. வியாழன், அவருடைய சித்தப்பா மகன் அய்யனாருக்கு. மூணு பேஸ் கரண்டு வருகிற நேரத்தில் ஒரு ஆள் கிணற்றடிக்கு ஓடி மோட்டாரைப் போட வேண்டும். இந்த அலைச்சலுக்காகத்தான் ஏழு வீடும் சேர்ந்து போன் ஸ்டார்ட்டர் வாங்கினார்கள். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். அந்த நம்பருக்கு ரிங் விட்டால் மோட்டார் ஓடும், மறுபடி விட்டால் நிற்கும். யார் போட்டார்கள் என்ற குறுஞ்செய்தி ஒரே ஒரு நம்பருக்குப் போகும். அதைத் தமிழ்மதியின் நம்பராக வைத்தார்கள். படித்த பிள்ளை அவள்தானே!

வாங்கிய அன்றே ஏழு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் தன் கருத்தைச் சொல்லிவிட்டாள். "நல்ல பொருள்தான். ஆனா பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு இதுக்குத் தெரியாது. ரிங் வந்தா ஓடிரும், அம்புட்டுதான். மோட்டார்லயோ வயர்லயோ கை வைக்கிறதா இருந்தா முதல்ல பீஸ் கட்டைய உருவிட்டு வைங்க." ஆறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அய்யனார் ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எந்தெந்த நம்பருக்கு மட்டும் மோட்டார் ஓட வேண்டும் என்று பூட்டு வைக்கலாம், ஆனால் ஐந்து நம்பர்தான் ஏறும். இங்கே ஏழு வீடு. எந்த இரண்டு வீட்டை விடுவது? பங்காளிக்குள் வெட்டுக்குத்தாகிவிடும். தமிழ்மதி பூட்டையே எடுத்துவிட்டாள். யார் ரிங் விட்டாலும் ஓடும். அன்றைக்கு அது அவளுக்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

அந்த சிம் யாரோ முன்பு வைத்திருந்த நம்பர் போலிருக்கிறது. கடன் வேண்டுமா என்று கேட்கும் கம்பெனிக்காரர்கள் அதற்கு அடிக்கடி கூப்பிட்டார்கள். கூப்பிட்டபோதெல்லாம் மோட்டார் ஓடியது. "கடன் குடுக்குற பய நமக்குத் தண்ணி பாய்ச்சிட்டுப் போறான்யா" என்று எல்லோரும் சிரித்தார்கள். சிம்மை மாற்ற வேண்டும் என்று தமிழ்மதி சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிக்கொண்டு மட்டும்தான் இருந்தாள்.

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்குக் காமராஜ் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். அவள் கம்பெனி மீட்டிங்கில் இருந்தாள். போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"ஏ தமிழு, அய்யனாரு போயிட்டான்டி!"

கிணற்றுமேட்டில் வயர் ஜாயிண்டைச் சுற்றியிருந்த டேப் பிரிந்திருக்கிறது. வாய்க்காலைப் பார்க்கப் போன மனுசன், போகிற வழியில் அதைக் கண்டு, உட்கார்ந்து பிரித்துச் சுற்ற ஆரம்பித்திருக்கிறார். மோட்டார்தான் ஓடவில்லையே என்ற நினைப்பு. பீஸ் கட்டை பெட்டிக்குள்ளேயே இருந்தது. கையில் புது டேப்பைப் பிடித்தபடி கிடந்தார்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் உடம்புக்காகக் காத்துக் கிடக்கும்போதுதான் தமிழ்மதி போனை எடுத்து, பெட்டி அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்தாள். மோட்டார் ஓட ஆரம்பித்த நேரம் பத்து ஐம்பத்திரண்டு. கீழே நம்பர். அந்த நம்பர் அவள் போனில் பேரோடு இருந்தது. ஒச்சம்மா சித்தி.

ஒச்சம்மாள் அய்யனாரின் பெண்டாட்டி. எதிரே, வேப்பமரத்தடியில், நாலு பெண்கள் பிடித்துக்கொண்டிருக்க நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்மதி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மின்சார விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. ஏதோ கடன்காரப் பயலின் போன் என்று ஏழு வீடும் முடிவு கட்டியது. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஒச்சம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். காமராஜ் காட்டுக்குப் போயிருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை, சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்து நீட்டினாள்.

"இதுல அன்னைக்கு நான் போட்டது இருக்கும்ல. பாருத்தா."

தமிழ்மதி பார்த்தாள். வியாழன், பத்து ஐம்பத்திரண்டு. 'மோட்டார்'.

"உங்க சித்தப்பா போகும்போது சொன்னாரு. 'பத்தரைக்குக் கரண்டு வந்துரும், செத்த நேரம் பொறுத்துப் போட்டு விடு, நான் வாய்க்காப் பக்கம் நிக்கிறேன்'னு. வெஞ்சனம் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அடுப்ப அமத்திட்டுப் போட்டேன்." அவள் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் குரல் அது. "எல்லாரும் கடன்காரன் போனுங்கிறாங்க. எனக்கு நெஞ்சு ஒப்பல. அது நானா தமிழு?"

"வெளியாள் நம்பர் சித்தி."

"காட்டு. அவன ஒரே ஒரு வார்த்த கேக்கணும்."

தமிழ்மதி தன் போனை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"நீ யாரு மூஞ்சிக்காகவும் பேசமாட்ட. அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன். ஆமான்னா ஆமான்னு சொல்லிரு. கெணறு எங்கயும் போயிரல, அங்கதான் இருக்கு."

இந்த வீட்டில் யார் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லித்தான் தமிழ்மதிக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பி ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். கடன்காரன் மேல் பழியைப் போட்டால் நம்பர் கேட்பாள், கிடைக்காவிட்டால் தானேதான் என்று முடிவு பண்ணிவிடுவாள். அப்படியானால் அந்த நம்பருக்கு ஒரு ஆள் வேண்டும்.

"நாந்தான் சித்தி" என்றாள்.

"என்னது?"

"நாந்தான் போட்டேன். மறைச்சுட்டேன்."

"நீ மீட்டிங்ல இருந்தன்னு உங்கப்பா சொன்னாரு."

"மீட்டிங்ல உக்காந்தபடியேதான் போட்டேன். செட்டிங் ஒண்ணு மாத்தியிருந்தேன், சரியா ஓடுதான்னு பாக்குறதுக்கு. அப்ப மணி பத்து அம்பது. நீங்க போட்டது ரெண்டு நிமிசம் கழிச்சு. அப்ப ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"மறுபடி ரிங் விட்டா நின்னுரும்பாகளே?"

"போட்ட மூணு நிமிசத்துக்கு வேற ரிங்க எடுத்துக்காது. மோட்டார் கெட்டுரக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. நீங்க போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான் சித்தி."

அப்படி ஒரு ஏற்பாடு அந்தப் பெட்டியில் கிடையாது. ஓட்டை இல்லாமல் நிரல் எழுதுகிறவள், பொய்யையும் ஓட்டை இல்லாமல் எழுதினாள். ஒச்சம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்மதி கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப நான் இல்ல" என்றாள் ஒச்சம்மாள். "நான் இல்ல. ஐயோ சாமி, நான் இல்ல." சுவரில் தலையைச் சாய்த்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். தமிழ்மதி எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒச்சம்மாள் அந்தச் செம்பைத் தட்டிவிட்டாள்.

"இம்புட்டு நாளு ஏண்டி வாயத் தொறக்கல?"

"பயமா இருந்துச்சு."

சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

ஒச்சம்மாள் எழுந்து முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் போனாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். "என் குடியக் கெடுத்துட்டு உள்ள உக்காந்து பொட்டியத் தட்டுறியே, நீ வெளங்குவியாடி? உங்கையி அழுகிப் போகாதா? நீயும் என்னைய மாதிரி ஒத்தையில நின்னு சாவடி!" மண்ணை வாரித் தூற்றினாள். தெருவே வெளியே வந்து பார்த்தது.

சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று பாக்கியராஜ் குதித்தான். பங்காளிக்குள் கேஸ் வேண்டாம் என்று பெரியவர்கள் அமர்த்தினார்கள். போன் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய சுவிட்சையே மாட்டினார்கள். திங்கட்கிழமை முறையை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் காமராஜ் கிணற்றடிக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள்.

"எதுக்குடி போட்ட? மீட்டிங்ல உனக்கு என்னடி செட்டிங்கு?" என்று அப்பா கேட்டார். அவரிடமும் அதே பத்து ஐம்பதைத்தான் சொன்னாள். அப்பாவிடம் உண்மை தங்காது. ஏழு வீட்டில் எங்காவது ஒரு நாள் உளறிவிடுவார். இரண்டு நாள் அவர் வீட்டில் கை நனைக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டார். தட்டைப் பார்த்தே சாப்பிட்டார், மகளைப் பார்க்கவில்லை.

அவள் அந்தக் குறுஞ்செய்தியை அழித்தாள். அழித்ததால் ஒன்றும் ஆகிவிடவில்லை, அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பூட்டை எடுத்தது தன் கைதான் என்பதும், பூட்டு இருந்திருந்தாலும் ஒச்சம்மாளின் நம்பர் அந்த ஐந்தில் இருந்திருக்கலாம் என்பதும் மாறி மாறி மண்டையைக் குடைந்தன. கம்பெனியில் அடுத்து வந்த புதுக் கருவிக்கு எல்லோரையும் கருத்துக் கேட்டபோது, "நல்லா இருக்கு சார்" என்று எழுதி அனுப்பினாள். மேலதிகாரி போன் பண்ணி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார்.

ஒச்சம்மாள் நூறு நாள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். காலை ஏழரைக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். தினமும் அந்த வாசலில் நின்றாள், குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள், தூற்றினாள், போனாள். வாய் ஓய்ந்துவிட்டது, கை மட்டும் ஓயவில்லை. தமிழ்மதி ஏழு மணிக்கே ஜன்னல் பக்கம் வந்து நின்றுகொள்வாள்.

பங்குனியில் ஒரு நாள் ஒச்சம்மாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. யாரைக் கேட்பது? யார் பதில் சொல்வார்கள்? எங்கேயாவது யாராவது ஒரு வார்த்தை விட்டிருப்பார்களா? அந்தப் பெட்டிக்கு மூன்று நிமிஷக் கணக்கெல்லாம் கிடையாது என்று எந்த எலக்ட்ரீசியனாவது சொல்லித் தொலைத்திருப்பானா? லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். நட்ட நடு வெயிலில் கிணற்றுமேட்டில் மண்டிபோட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் எங்கோ ஆழத்தில் அசையாமல் கிடந்தது. அப்படியும் மனசு ஆறாமல், கண் கூசும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒச்சம்மாவுக்குக் காய்ச்சலாம்" என்றார் காமராஜ், அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்து.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு ஒச்சம்மாள் வந்தாள். காய்ச்சலில் இளைத்திருந்தாள். குனிந்து மண் அள்ளி நிமிர்வதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். ஒரு பிடி மண் ஜன்னல் கம்பியில் பட்டு உள்ளே, தமிழ்மதியின் காலடியில் விழுந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ரெண்டு நாளைக்கும் சேர்த்து அழுதாள். அப்புறம் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தாள்.