மூக்கரின் கறுப்பு டேப்

மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு தையல்காரி சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மாலை வகுப்புதான். மாமியார் தன்னைவிட ஒரு பட்டம் கூட வாங்கிவிடுவாளோ என்று மருமகனுக்கு உள்ளூரக் கலக்கம். நாத்தனார்தான் வாய்விட்டுக் கேட்டாள். "இந்த வயசுல எரிவாயுச் சட்டம் படிச்சு என்ன அண்ணி, அடுப்பு மேல கேஸ் போடப் போறீங்களா?"

அவளைப் படிக்க வைத்தது கடை ஆணியில் தொங்கிய ஒரு நீல உடுப்பு. ஊருக்கு வெளியே இருந்த எரிவாயுக் கிணறுகளில் வேலை செய்கிறவர்களுக்கு உடுப்பு தைப்பதுதான் அவள் பிழைப்பு. தைக்கக் கொடுத்த ஒருவன் அதை வாங்க வரவே இல்லை. விஷவாயு தாக்கிக் கிணற்றடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி வந்து உடுப்பின் கையைத் தடவிக்கொண்டே, "தப்பு அவர் மேலதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க அக்கா. அப்படியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் தையல்காரி கல்லூரி விண்ணப்பத்தை வாங்கினாள்.

தையல்காரியின் புருஷனுக்கும் கிணற்றில்தான் வேலை, வால்வு திறந்து மூடுவது. கூட்டாளிகள் மூக்கர் என்பார்கள். வாயு கசிந்தால் கருவிக்கு முன்னால் தன் மூக்குக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு பெருமை. ஒவ்வொருவர் சட்டையிலும் கம்பெனி ஒரு சின்னக் கருவியை மாட்டியிருந்தது. விஷவாயுவுக்கு அலறும், சில நாள் லாரிப் புகைக்கும் அலறும். அலறினால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். மேஸ்திரி முகம் கடுகடுக்கும். அதனால் எல்லோரும் அதன் வாயில் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார்கள். டேப் சுருள் இருப்பது மூக்கரின் பையில்.

"அந்த வாயு கூடிப்போனா முதல்ல மூக்குதாங்க மரத்துப்போகும். நாத்தம் போயிடுச்சுன்னு நெனப்பீங்க, போறது நீங்களா இருப்பீங்க," என்றாள் படித்துவிட்டு.

"உன் புத்தகம் கிணத்தைப் பாத்திருக்கா? போடி."

அவள் டேப்பைக் கிழிப்பாள். அவர் புதிதாய் ஒட்டுவார். ஒரு கட்டத்தில் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது.

வருஷக் கடைசியில் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் வைத்தார்கள். விஷவாயுவில் ஒரு தொழிலாளி இறந்ததாக ஒரு கற்பனை வழக்கு. ஆசிரியைதான் நீதிபதி. சீட்டுக் குலுக்கியதில் தையல்காரிக்குக் கம்பெனி பக்கம் விழுந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள், முடியாது என்றுவிட்டார்கள். குடும்பத்தார் பார்க்கலாம் என்றதால் மூக்கரும் சலவைச் சட்டை போட்டு, ஒரு கூட்டாளியோடு பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

அவள் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். "கம்பெனி கருவி குடுத்துச்சு, பயிற்சியும் குடுத்துச்சு. அதோட வாயை அடைச்சது இறந்தவர்தான்."

"டேப் இருந்ததுன்னு மட்டும்தான் வழக்குல இருக்கு. அவர்தான் ஒட்டினார்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் ஆசிரியை.

யோசிக்காமல் வந்தது பதில். "வலது பையில எப்பவும் ஒரு சுருள் வச்சிருப்பார் மேடம். துவைக்கும்போது நான்தான் எடுத்து வைப்பேன். மூக்கை நம்பினார். சொல்லச் சொல்லக் கேக்கல..."

அழுகை வந்துவிட, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்வரிசையில் மூக்கரின் கை தானாகவே வலது பையைப் பொத்திக்கொண்டது.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வழக்குல இல்லாததை வக்கீல் பேசக் கூடாதும்மா," என்றார் மெதுவாக. கம்பெனி தோற்றது.

படியிறங்கும்போது கூட்டாளி, "நல்லா இருந்த மனுஷனை இப்படிக் கொன்னுட்டீங்களே அண்ணி," என்று சிரித்தார். மூக்கர் சிரிக்கவில்லை. கூட்டாளி போன பிறகு, பேருந்து நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தார்.

"நான் போயிட்டா உனக்கும் இப்படித்தான் சொல்லி அனுப்புவாங்களா?"

"என்னைவிட நல்லாவே சொல்லுவாங்க. அவங்களுக்கு நடுவுல அழுகை வராது."

அவர் சுருளை எடுத்து அவள் கைப்பைக்குள் போட்டார். "மெஷின் ஒயருக்குச் சுத்திக்கோ."

அந்த வாரமே கருவி அலறியது. மூக்கர் வால்வை விட்டுவிட்டு வெளியே போய், காற்று வருகிற பக்கம் நின்றுகொண்டார். பார்த்தால் லாரிப் புகை.

"இப்படி எத்தனை தடவைய்யா ஓடுவே?" என்று சீறினார் மேஸ்திரி.

"அது அலறும்போதெல்லாம்தான். வீட்டுல வக்கீல் இருக்கா மேஸ்திரி," என்றார் மூக்கர். "அதுவும் கம்பெனி வக்கீல்."