சும்மா துடைக்கிற வேலை

அலமாரிக் கதவில் கன்னத்தை வைத்து மெல்ல நகர்த்துகிறாள். ஓரிடத்தில் சொரசொரப்பு தட்டுகிறது. மறுபடியும் உப்புத்தாளை எடுக்கிறாள். விரல் நுனிகளில் உணர்ச்சி போய் நாளாகிவிட்டது. வழவழப்பைச் சோதிக்கக் கன்னம்தான் மிச்சம். மரத்தின் இழையோட்டத்தோடுதான் தேய்ப்பாள். குறுக்கே தேய்ப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "பூனைய வாலுலேந்து தடவுற ஜாதி" என்பாள்.

முன்பக்கம் கணவருடைய கடை. பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறார். யாராவது நாற்காலி கொண்டுவந்தால் கவிழ்த்துப் போட்டுக் கீறலை நகத்தால் நோண்டுவார். "இதுல என்ன இருக்கு? அடுப்புக்குத்தான் ஆகும்." கொண்டுவந்தவர் முகம் தொங்கும்வரை விடமாட்டார். அதே நாற்காலி அவள் கைக்குப் போய் வந்ததும், "அசல் தேக்குங்க, தொட்டுப் பாருங்க" என்று ஆகிவிடும்.

அவளது வலது கட்டைவிரல் வீங்கி மடங்க மறுக்கிறது. கையை அசைக்கக்கூடாது, அசைத்தால் விரல் அப்படியே நின்றுவிடும் என்று சொல்லி டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார். கணவர் அந்தக் கையையும் புரட்டிப் பார்த்தார். "தோல் கிழியல, ரத்தம் வரல. இதுக்கா கட்டு? துடைக்கிற வேலதானே?"

ரத்தம் வந்தால்தான் வலி என்று எந்த மடையன் சொன்னான்? அலறாதவளின் வலியை எல்லோரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்கிறார்கள். அவளும் கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"பொருளக் கவுத்துப் பாக்கத் தெரியுது. ஆள நிமிந்து பாக்கத் தெரியலயே இந்த மனுசனுக்கு" என்று பக்கத்துக் கடைத் தையல்காரியிடம் பொருமினாள். அவரிடம் சொல்லவில்லை.

அலமாரியை வாங்கும் அம்மாள் இன்று வந்திருக்கிறாள். வேலை முடிந்த கதவைத் தடவுகிறாள். "கண்ணாடியாட்டம் இருக்கே. யார் கைவேல?"

"மரமே அப்படி, மேடம். வீட்டுல சும்மா துடைச்சு விடுவாங்க, அவ்வளவுதான். இன்னொரு கதவும் சாயங்காலத்துக்குள்ள ஆயிடும்." உள்ளே திரும்பிக் குரல் கொடுக்கிறார். "ஏம்மா, ஆயிடும்ல?"

அவள் எழுந்து வருகிறாள்.

"சும்மா துடைக்கிறதுதானேங்க. நீங்களே துடைச்சிடுங்க."

உப்புத்தாளை அவர் உள்ளங்கையில் வைத்து, இடது கையால் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மூடுகிறாள். பிறகு, வாங்க வருபவர்களுக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, அவிழ்த்து வைத்திருந்த கட்டுத்துணியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையைச் சுற்றிக் கட்டத் தொடங்குகிறாள்.