சிவப்பு விளக்கில் காணாமல் போன சிவப்பு எழுத்து

கிருபை ஜவுளி மாளிகை ஜேசுபாதம் அண்ணாச்சி, பெயிண்டர் வெள்ளத்துரைக்கு இருநூற்று நாற்பது ரூபாய் தரவேண்டியிருந்தது. அண்ணாச்சி ஒருநாளும் அதைக் கடன் என்று சொன்னதில்லை. முதலில் ‘பார்ப்போம்’ என்றார், பிறகு ‘கிடையாது’ என்றார். வேலையை வாங்கிக்கொண்டு கொடுக்காத கூலிக்குக் கடன் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

வெள்ளத்துரை விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, பழைய துறைமுகத்தில் தோணிகளின் அடிப்பலகையில் பாசி சுரண்டினார். யாரும் அவருக்குக் கைபிடித்துத் தொழில் சொல்லித்தரவில்லை. தோணியில் பெயர் எழுதுகிறவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பிரஷை எடுத்து மிச்ச எழுத்தை இவரே எழுதி முடித்தார். முதுகில் அடி விழுந்தது. எழுத்து நின்றது. பத்து வருஷத்தில் அந்தக் கரையில் கிடந்த தோணிகளில் பாதிக்கு மேல் அவர் கையெழுத்துதான். இதை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று குறை சொல்லுவார்கள். சொல்லாமல் என்ன செய்வது? தன் கையை ஊன்றி எழுந்தவன் பெருமையை அடுத்தவனா வந்து பேசப் போகிறான்?

அவர் சைக்கிளில் சிவப்பு, மஞ்சள், நீலம், அதோடு வெள்ளை, கறுப்பு டின்கள் மட்டும் தொங்கும். மற்ற நிறங்களைக் காசு கொடுத்து வாங்குகிறவன் பெயிண்டரே இல்லை என்பார். மஞ்சளில் நீலத்தை விட்டால் பச்சை. சிவப்பில் மஞ்சளை விட்டால் ஆரஞ்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பகையாளி நிறம் உண்டு என்பது அவர் கணக்கு. சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா. பகையாளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் மார்தட்டிக்கொண்டு எடுப்பாக நிற்கும். ஒரே டின்னில் ஊற்றினால் இரண்டும் செத்துச் சேறாகிவிடும். நிறம் தன்னிடம் வாலாட்ட முடியாது என்று அவர் நம்பியிருந்தார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, கிரேட் காட்டன் ரோட்டில் இருந்த அண்ணாச்சி கடைக்கு, இருநூற்று நாற்பது ரூபாய் கூலி பேசி, பெரிய போர்டு ஒன்று எழுதினார். பால்வெள்ளைப் பலகை, அதில் ஆள் உயரச் சிவப்பு எழுத்து. பகலில் தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. அண்ணாச்சிக்கு அது போதவில்லை. அடுத்த கடைக்காரர்கள் வயிறெரிய வேண்டும் என்று போர்டுக்கு மேலிருந்த டியூப் லைட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, லைட் செட் நல்லக்கண்ணுவை வைத்து வரிசையாகச் சிவப்பு பல்புகளை மாட்டினார்.

பொழுது சாய்ந்து சுவிட்சைப் போட்டதும் போர்டில் எழுத்தைக் காணோம். மேலிருந்து கீழே ஒரே சிவப்புப் பலகை. ஏரலிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், கடைக்கு நேர் எதிரே நின்றுகொண்டு கிருபை ஜவுளி மாளிகை எங்கே என்று பக்கத்துக் கடையில் விசாரித்தார்கள்.

அண்ணாச்சி ஆள் அனுப்பினார். வெள்ளத்துரை வந்ததும் ஊர் கேட்க ஏசினார். மட்டமான பெயிண்டை அடித்து ஏமாற்றிவிட்டதாகச் சொன்னார்.

“பகல்ல இருக்கிற சாயம் பொழுது சாஞ்சா எங்க அண்ணாச்சி போகும்?”

“அது எனக்கு எதுக்கு வே? பேரில்லாத போர்டுக்குத் துட்டு கெடையாது.”

வெள்ளத்துரைக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அந்த ஏற்றத்தில்தான் தப்புச் செய்தார். எடுப்பாக இல்லாத எழுத்துக்கு மேலே இன்னொரு பூச்சு கொடுப்பது பெயிண்டர்களின் வழக்கம். மறுநாள் ஏணி வைத்து, இருப்பதிலேயே பளிச்சென்ற சிவப்பைத் தன் செலவில் அதன்மேல் பூசினார். சாயங்காலம் பல்பு எரிந்தது. முதல் நாள் உற்றுப் பார்த்தால் மங்கலாகவாவது தெரிந்த எழுத்தின் ஓரமும் இப்போது போய்விட்டது. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே கைகொட்டிச் சிரித்தார்.

வெள்ளத்துரை எழுத்து இருட்டினால் ஓடிப்போகும் என்று ஊர் பேசியது. தோணிக்காரர் ஒருவர், பொங்கலுக்குத் தருவதாகச் சொன்ன வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். பெயிண்ட் கடை வீரபாகு, பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் அடுத்த டின் என்று கையை விரித்துவிட்டார். அந்த இருநூற்று நாற்பது வராவிட்டால் டின் இல்லை. டின் இல்லாவிட்டால் தொழில் இல்லை. சுரண்டுகிற வேலைக்கே திரும்பவேண்டியதுதான்.

இந்தக் கொதிப்போடு கடற்கரையில் நடந்தவரை, கடலில் முங்கிச் சங்கு குளிக்கும் சிநேகிதன் வளன் மறித்தான்.

“ஏலே, நீ எழுதுனா வெளக்கு வச்சதும் பேய் அழிச்சிருதாமே. பூசாரியக் கூட்டிட்டு வரவா?”

வெள்ளத்துரை வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். வளன் கோபப்படவில்லை. மணலில் உட்கார்ந்து, சிப்பி வெட்டிக் கட்டுப்போட்ட பாதத்தை நீட்டிக் காட்டினான்.

“நெறத்த நம்பாதலே. இது ஒம்பது பாகம் ஆழத்துல வெட்டுனது. கீழ வச்சுப் பாக்கேன், ரத்தம் கறுப்பா ஒழுகுது. மேல வந்த பெறவுதான் செவப்பு.”

வெள்ளத்துரை திட்டுவதை நிறுத்தினார். ரத்தம் ஒன்றுதான். மாறியது வெளிச்சம். கடல், வெயிலில் இருக்கும் சிவப்பை மட்டும் வழியிலேயே விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் கீழே விடுகிறது. சிவப்பு வெளிச்சமே வராத இடத்தில் ரத்தம் எதைத் திருப்பிக் கொடுக்கும்? அண்ணாச்சி கடையில் அப்படியே தலைகீழ். அங்கே விழுவது சிவப்பு மட்டும். வெள்ளைப் பலகை எது விழுந்தாலும் திருப்பிக் கொடுக்கும், அதனால் சிவப்பைக் கொடுத்தது. சிவப்பு எழுத்தும் சிவப்பைத்தான் கொடுத்தது. பிறகு எழுத்து ஏது, பலகை ஏது?

நேராக நல்லக்கண்ணுவின் கொட்டகைக்குப் போனார். சிவப்பு பல்பைப் போடச் சொல்லி, பெயிண்ட் அப்பிய டின் மூடிகளைக் கீழே பரப்பினார். பச்சை மூடி தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. சிவப்பின் பகையாளி சிவப்பு வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. அடுத்து, சிவப்பு பல்பையும் பச்சை பல்பையும் சேர்த்துச் சுண்ணாம்புச் சுவரில் அடிக்கச் சொன்னார். சேற்று நிறத்தை எதிர்பார்த்தார். சுவர் மஞ்சளாக நின்றது. எங்கேயோ மஞ்சள் பல்பை ஒளித்துவைத்திருப்பதாகச் சொல்லி நல்லக்கண்ணுவின் சட்டையைப் பிடித்துவிட்டார். அவன் சட்டையை விடுவித்துக்கொண்டு நீல பல்பையும் போட்டான். மூன்றும் சேர்ந்த இடம் ஏறக்குறைய வெள்ளை.

டின்னில் மூன்று நிறத்தைச் சேர்த்தால் கரி, சுவரில் மூன்று விளக்கைச் சேர்த்தால் வெள்ளை. காரணம் பிடிபட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பெயிண்ட் வெளிச்சத்தைத் தின்கிற சாமான். இன்னொரு பெயிண்டைச் சேர்த்தால் தின்கிற வாய் கூடுகிறது. விளக்கோடு விளக்கைச் சேர்த்தால் வெளிச்சம்தான் கூடுகிறது. இத்தனை காலம் பாதியை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு முழுசும் தெரிந்தவனாக அலைந்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலையும் அண்ணாச்சி கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். கடையில் நெருக்கடியான கூட்டம். வெள்ளத்துரை உள்ளே போனார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலைக்குப் பேரம் முடித்துப் பர்ஸைத் திறந்திருந்தார். அந்தச் சேலையை வெள்ளத்துரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, போர்டு பல்புகளுக்கு அடியில் உதறி விரித்தார்.

“சேலையக் கீழ வையும் வே” என்று அண்ணாச்சி கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

பின்னாலேயே வந்த அந்த அம்மா சேலையைப் பார்த்தார். “கரை எங்க போச்சு?” என்றார்.

“கேக்காகள்ல அண்ணாச்சி, சொல்லுங்க. உங்க சேலைக்கும் சாயம் போயிட்டு. இந்த மாசம் வித்த சேலைக்கெல்லாம் துட்டத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க. பெறவு என் போர்டப் பத்திப் பேசுவோம்.”

அந்த அம்மா பர்ஸை மூடினார். கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. அண்ணாச்சி குரலை இறக்கி, உள்ளே வந்து பேசும்படி கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டார். வெள்ளத்துரை அசையவில்லை. சேலையை மட்டும் அந்த அம்மாவிடம் கொடுத்து, உள்ளே டியூப் லைட்டில் பார்க்கச் சொன்னார். கரை பளிச்சென்று திரும்பி வந்தது.

“கரை சேலையிலதான் இருக்கு, எழுத்து போர்டுலதான் இருக்கு. பல்ப மாத்துங்க. துட்ட இங்கனயே, எல்லாரும் பாக்கக் கொடுங்க.”

இரண்டாவது பூச்சுக்கு அவர் எதுவும் கேட்கவில்லை. அது அவருடைய கோபத்துக்கு ஆன செலவு. அண்ணாச்சி கல்லாவிலிருந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். வெள்ளத்துரை விரலை மடக்கவில்லை. விரித்த உள்ளங்கையும் அப்படியே நின்றது, அவரும் அப்படியே நின்றார். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கல்லாவுக்குப் போய்வந்து, அந்தக் கைமேல் பத்து, இருபது, முப்பது என்று வாய்விட்டு எண்ணி, நாற்பது என்று கடைசிப் பத்து ரூபாய் நோட்டையும் வைத்தார்.